பெறுநர் இல்லாத கடிதம்: நெல்லைச் சீமையில் ஆங்கிலம் எழுதக் கற்றல்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை ஒரு கடிதத்தை மனப்பாடம் செய்கிறது. தெருவிளக்கு எரியவில்லை, ஆவன செய்யுங்கள் என்று மாநகராட்சி ஆணையருக்கு எழுதும் கடிதம். அனுப்புநர் பெயர் வரும் இடத்தில் மூன்று எக்ஸ். முகவரி வரும் இடத்தில் மூன்று ஒய். விடைத்தாள் யாருடையது என்று தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடிதத்தில் பெறுநரும் கிடையாது. மேலப்பாளையத்திலோ தச்சநல்லூரிலோ உண்மையிலேயே விளக்கு எரியாவிட்டால் யாரும் ஆணையருக்கு ஆங்கிலத்தில் எழுதப்போவதில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ். மனு தமிழில் போகும், பதில் வந்தால் அதுவும் தமிழில் வரும். அனுப்பியவரும் இல்லாமல், பெறுபவரும் இல்லாமல் எழுதப்படும் அந்தக் கடிதத்துக்கு மிஞ்சுகிறவர் ஒருவர்தான்: சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கும் திருத்துநர்.

தமிழ்நாட்டில் ஆங்கிலம் முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டு முடிந்து கலைக்கல்லூரிக்குப் போனால் ‘பகுதி இரண்டு ஆங்கிலம்’ என்று பெரும்பாலும் இன்னும் நான்கு பருவம். ஆக, பதினான்கு ஆண்டுகள். இத்தனைக்குப் பிறகும் வேலை விண்ணப்பத்தோடு சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிற பட்டதாரிகளை எல்லோருக்கும் தெரியும். பழி வழக்கமாக ஆசிரியர் மீதோ, தமிழ்வழிக் கல்வி மீதோ, மாணவரின் சோம்பல் மீதோ விழுகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பதினான்கு ஆண்டுகளில், தான் எழுதியதைப் பிழைக்காக அல்லாமல் விஷயத்துக்காகப் படித்த ஒரே ஒரு வாசகரையாவது அந்த மாணவர் சந்தித்தாரா?

வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கி, அதில் மாணவரை எழுதவைத்து ஆங்கிலம் கற்பிக்கும் முறை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் பரிசோதிக்கப்பட்டு வருகிறது. அதில் பலன் என்று சொல்லத்தக்கது கருவியால் வருவதைவிட, கருவி தேடித்தரும் வாசகரால் வருவதே அதிகம் என்பது என் வாதம். வாசகர் இருந்தால் தபால் உறையும் போதும். இல்லாவிட்டால் மடிக்கணினியும் விடைத்தாள்தான்.

எங்கே நிற்கிறோம்

‘ஏசர்’ அமைப்பு 2023ஆம் ஆண்டு 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளைஞர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அவர்களில் படித்ததன் பொருளைச் சொல்ல முடிந்தவர்கள் 73.5 சதவீதம். பெருக்கிப் பார்த்தால், மொத்தத்தில் நூற்றுக்கு 42 பேர்தான் எளிய ஆங்கில வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்கிறார்கள். இது பல மாநிலங்களில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களைச் சேர்த்த கணக்கு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கவனிக்க வேண்டியது இன்னொன்று: அந்த ஆய்வு ஆங்கிலத்தில் எழுதும் திறனை அளக்கவே இல்லை. படிப்பதை அளப்பது எளிது. ஒரு தாளைக் காட்டி வாசிக்கச் சொன்னால் போதும். எழுத்தை அளக்க வேண்டுமானால் எழுதுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். யாருக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் கற்ற வெளிநாட்டார்

அந்நிய மொழியைக் கற்று அதில் எழுதித் தேறியவர்களுக்கு நெல்லைச் சீமையில் பஞ்சமில்லை. ஆனால் அவர்களில் பெரும் பெயர் பெற்ற சிலர் தமிழ் கற்ற வெளிநாட்டார். ஜெர்மானிய மிஷனரியான ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். தமிழில் பிரசங்கம் செய்தார், விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தினார், தமிழ் இலக்கணம் எழுதினார். 1841இல் இடையன்குடியில் குடியேறிய கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி 1856இல் வெளியிட்டார். சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு. போப், பிற்காலத்தில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்.

இவர்களுக்கு எப்படித் தமிழ் வந்தது? நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள், விடாமுயற்சி இருந்தது, ஊரைச் சுற்றித் தமிழே ஒலித்தது. இவற்றோடு ஒரு நிர்ப்பந்தமும் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை சபை முன் நின்று பேச வேண்டும். சொன்னது விளங்காவிட்டால் எதிரில் இருப்பவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அச்சிட்ட துண்டறிக்கை ஊர் ஊராகப் போகும். மறுத்து எழுதவும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கற்ற மொழிக்குக் கேட்பவர் இருந்தார், எதிர்ப்பவரும் இருந்தார்.

அதே மிஷன் காலத்தில் தொடங்கிய ஆங்கிலக் கல்வி வேறு பாதையில் போனது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததும் மெட்ரிகுலேஷன் தேர்வே பள்ளிகளின் குறியாகிவிட்டது. பாளையங்கோட்டையில் கல்லூரிகள் பெருகின. பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தொடங்கப்பட்டன. ‘தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு’ என்று ஊர் பேர் வாங்கியது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் வந்தது. படித்தவர் தொகை பெருகியது. ஆனால் அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியதன் பெரும்பகுதி தேர்வறையில் பிறந்து, திருத்தும் முகாமில் முடிந்துபோனது.

பாரதி சொன்ன புகாரும் செய்த காரியமும்

இந்தக் கல்வியைப் பற்றிய மிகக் காட்டமான சாட்சியம் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த ஒரு மாணவருடையது. எட்டயபுரத்திலிருந்து 1890களில் அங்கே படிக்க அனுப்பப்பட்ட சுப்பிரமணிய பாரதி, பிற்பாடு தம் வாழ்க்கையைப் பாடியபோது நெல்லையில் பெற்ற ஆங்கிலப் படிப்பைக் கடுமையாகச் சாடினார். தந்தைக்குப் பணம் போனது, தமக்குக் கேடு வந்தது, நன்மை ஏதும் இல்லை என்பது அவர் கணக்கு. காவியங்களைப் படித்தும் கவியின் உள்ளத்தைக் காணாதவர்களை அந்தப் படிப்பு உருவாக்குகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு.

அதே பாரதிதான் ‘தி ஹிந்து’ நாளிதழின் ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதினார். ஆ.இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்த பிறகே அவற்றின் விரிவு பலருக்குத் தெரிந்தது. புதுச்சேரியில் இருந்தபடி தம் தரப்பை நாடறியச் சொல்ல அவருக்கு அந்தப் பத்திரிகையின் வாசகர் தேவைப்பட்டார்கள். 1914இல் அன்னி பெசன்டைப் பகடி செய்து எழுதிய ‘பொன்வால் நரி’ ஆங்கிலத்தில்தான் வெளிவந்தது. பெசன்டைப் பின்பற்றியவர்கள் படிக்கும் மொழி அது. 1918இல் கடலூர்ச் சிறையிலிருந்து ஆளுநர் பென்ட்லண்டுக்கு எழுதிய விண்ணப்பமும் ஆங்கிலமே. ஒவ்வொன்றிலும் ஒரு வாசகர் தெளிவாகத் தெரிகிறார். அவரிடம் சொல்லியாக வேண்டிய சங்கதியும் இருக்கிறது. பள்ளி கொடுத்த சொற்களும் இலக்கணமும் பாரதிக்கு உதவாமலா போயிருக்கும்? ஆனால் அவற்றுக்கு வேலை கொடுத்தது அந்த வாசகர்கள்தான்.

பாரதி மேதை, அவரை வைத்து வகுப்பறைக்கு விதி செய்யலாமா என்று கேட்பது நியாயம். செய்ய முடியாது. ஆகவே, சாதாரண வகுப்பறைகளில் நடந்த பரிசோதனைகளைப் பார்ப்போம்.

தமிழ்நாடு கண்ட இரண்டு முயற்சிகள்

ஆங்கிலம் கற்பிக்கும் முறை குறித்த உலக விவாதத்தில் தமிழ்நாட்டுக்கு இரண்டு முறை இடம் கிடைத்தது. முதலாவது, 1950களின் இறுதியில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி இயக்கம். பயிற்சி பெற்ற சிலர் மேலும் பலரைப் பயிற்றுவிக்க, அவர்கள் இன்னும் பலரைப் பயிற்றுவிக்க, தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். உருட்ட உருட்டப் பெரிதாகும் பனிப்பந்து என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு நடந்தது. கற்பித்தது ‘வாக்கிய அமைப்பு முறை’: எளிய அமைப்பிலிருந்து கடினமான அமைப்புக்கு, படிப்படியாக, வாய்ப்பயிற்சியாக. மேசைமேல் புத்தகம் இருக்கிறது என்று நாற்பது குரல்கள் சேர்ந்து சொல்லும். புத்தகம் மேசைமேல் இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சொல்லப்பட்ட செய்தி யாருக்கும் தேவைப்படாத செய்தி.

இரண்டாவது முயற்சி இதற்கு எதிர்வினை. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சில் அலுவலராக இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு திட்டத்தை நடத்தினார். ‘பெங்களூர்த் திட்டம்’ என்று பேர் பெற்றாலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளும் அதில் இருந்தன. இலக்கணத்தை வரிசைகட்டிச் சொல்லித்தரவில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன ஊருக்கு இன்ன நேரத்துக்குள் போக எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்டார்கள். கவனம் பொருளில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் நம்பிக்கை. 1987இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றுவரை உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுகிறது. பணிவழிக் கற்பித்தல் என்று பிறகு வளர்ந்த முறைக்கு அது ஒரு முக்கிய ஊற்று.

பிரபு பாதித் தூரத்தைக் கடந்தார். மாணவர் யோசிக்க ஒரு காரணத்தைக் கொடுத்தார். ஆனால் ரயில் கணக்கின் விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். பிள்ளை சொல்லி ஆசிரியர் புதிதாக அறிந்துகொள்வது ஒன்றுமில்லை. எழுதுவதைவிடக் கேட்பதும் படிப்பதுமே அந்தத் திட்டத்தில் முன்னால் நின்றன.

உள்ளே இறங்குவது மட்டும் போதாது என்பதைக் கனடா காட்டியது. அங்கே ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பிரெஞ்சுவழியில் பல ஆண்டுகள் படித்தும், கேட்டுப் புரிந்துகொள்வதில் தேர்ந்த அளவுக்குப் பேச்சிலும் எழுத்திலும் தேறவில்லை. அதை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், கற்பவர் தாமே மொழியை உண்டாக்கவும், சொன்னது விளங்காதபோது மாற்றிச் சொல்லவும் தள்ளப்பட வேண்டும் என்று 1985இல் எழுதினார். விளங்கவில்லை என்று சொல்ல எதிரில் ஆள் இருந்தால்தான் அந்தத் தள்ளல் நடக்கும்.

ஓரத்தில் எழுதியவர்கள்

இன்னொரு சான்று யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் முதலாண்டு கலைப்பிரிவு மாணவரைக் கூர்ந்து கவனித்து 1993இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். போர்க்காலம். பாடநூலோ அமெரிக்க வாழ்க்கையைப் பின்புலமாகக் கொண்டது. மாணவர் வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். தேர்வுக்கு வேண்டிய இலக்கணத்தை மட்டும் கேட்டார்கள். ஆனால் அவர்களுடைய பாடநூல்களை வாங்கிப் புரட்டியபோது பக்க ஓரங்களில் வேறொரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. படங்கள், சினிமாப் பாட்டு, காதல் கேலி, விடுதலைப் போராட்டத்தின் குறிகள், தோழருக்கு எழுதிய குறிப்புகள். பாடம் நடக்கும்போதே அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆய்விலிருந்து இரண்டு பாடங்கள் எடுத்துக்கொள்ளலாம். எழுத விருப்பமில்லாத மாணவர் என்று நாம் சொல்கிறவர் பெரும்பாலும் நமக்கு எழுத விருப்பமில்லாதவர். வாசகரைத் தாமே தேர்ந்துகொண்டால் அவர் எழுதுகிறார். இரண்டாவது பாடம் எச்சரிக்கை. அந்த ஓரக்குறிப்புகள் ஆசிரியர் கண்ணில் படாது என்ற தைரியத்தில் எழுதப்பட்டவை. எல்லாவற்றையும் பொதுவில் வை என்று ஓர் ஆசிரியர் உத்தரவிட்டால் அந்தத் தைரியம் போய்விடும். ஆகவே வாசகர் படிப்படியாக வர வேண்டும். முதலில் ஆசிரியரும் மாணவரும் ஒரே நோட்டில் மாறிமாறி எழுதிக்கொள்ளும் உரையாடல் நோட்டு; அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் லெஸ்லி ரீட் என்ற ஆசிரியை தம் வகுப்பில் நடத்தியது பெரிதும் ஆராயப்பட்டது. அதில் ஆசிரியர் பிழை திருத்த மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவார், அந்தப் பதிலிலேயே சரியான வடிவம் இருக்கும். அடுத்த படி வகுப்புத் தோழர். அதற்கடுத்தது வெளியூர் வாசகர். முன்பின் தெரியாத உலகம் கடைசிப் படி.

அச்சுப்பொறி வைத்த பள்ளி

இந்த எண்ணத்துக்கு இணையத்தைவிட வயது அதிகம். பிரான்சின் தெற்கே பார்-சூர்-லூப் என்ற சிற்றூரில் செலஸ்தான் ஃப்ரெனே என்ற ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். நெடுநேரம் பேசிப் பாடம் நடத்த முடியாது. 1920களின் நடுவில் வகுப்பறைக்குள் ஒரு சிறு அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதை எழுதினார்கள். எதை அச்சிடலாம் என்று வகுப்பே தேர்ந்தது. எழுத்துக் கோத்து அச்சடித்தது. அந்தத் தாள்கள் பிரான்சின் மறுகோடியில் பிரிட்டனிக் கடலோரத்தில் இருந்த ஒரு பள்ளிக்குப் போயின. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. மலையடிவாரப் பிள்ளைகள் கடலோரப் பிள்ளைகளுக்கு எழுதினார்கள். எழுத்துக் கோக்கும்போது பிழை விட்டால் அது அச்சில் ஏறி அந்நியர் கைக்குப் போய்விடும் என்பதால் பிழையைப் பிள்ளைகளே தேடினார்கள்.

2003இல் ஆரன் கேம்பல் ஆங்கில வகுப்புகளுக்கான வலைப்பூக்களை மூன்று வகையாகப் பிரித்தார்: ஆசிரியர் நடத்துவது, மாணவர் தனித்தனியே நடத்துவது, வகுப்பு கூடி நடத்துவது. மூன்றாவது வகை ஃப்ரெனேயின் அச்சுப்பொறிக்கு நேரடி வாரிசு. அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளில் பல, ஒரே வகுப்பில் ஒரு பருவத்துக்குள் நடந்தவை. மாணவருக்கு ஆர்வம் கூடியது, அதிகம் எழுதினார்கள் என்பதை அவை தெளிவாகச் சொல்கின்றன. பிழை குறைந்ததா என்பதில் முடிவுகள் ஒத்துப்போவதில்லை. ஆர்வத்தைத் தேர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது.

எழுத்துக் கற்பித்தல் பற்றி இதைவிட உறுதியான தொகுப்பு, கிரகாமும் பெரினும் 2007இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வறிக்கை. நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பரிசோதனைகளை ஒருங்கே வைத்து அளந்தார்கள். திட்டமிடவும் திருத்தி எழுதவும் உத்தி கற்பிப்பதன் விளைவு அளவு (எண் கூடினால் பலன் கூடும்) 0.82. கூடி எழுதுவது 0.75. கணினியில் எழுதுவது 0.55. இலக்கணத்தைத் தனியாக நடத்துவதற்கு மைனஸ் 0.32. ஆங்கிலம் புழங்கும் நாட்டுக் கணக்கை அப்படியே அம்பாசமுத்திரத்துக்குப் பொருத்த முடியாது. நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் ஓரளவு சொல்லித்தர வேண்டியே இருக்கிறது. ஆனாலும் வரிசை கவனிக்கத்தக்கது. கருவியைவிட, உட்கார்ந்து திட்டமிடுவதும் கூடி எழுதுவதும் மேலே நிற்கின்றன.

நெல்லைக்கு எந்த வாசகர்

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழ் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் எழுதுவது நாடகம். பக்கத்துத் தெருத் தோழிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னால் பிள்ளை சிரிக்கும், சிரிப்பதுதான் சரி. ஆங்கிலத்தைத் தவிர வேறு வழியில்லாத வாசகர் வேண்டும்.

அப்படிப்பட்டவர் தொலைவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் புனலூரில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடங்குளம் அணுமின் நிலையக் குடியிருப்பிலும் மகேந்திரகிரி விண்வெளி வளாகத்திலும் பல மாநிலத்துக் குடும்பங்கள் வாழ்கின்றன. சற்றுத் தள்ளிப் பார்த்தால் அசாமும் வங்காளமும் உண்டு. வெளிநாட்டில் பிறந்து தமிழ் படிக்கத் தெரியாமல் வளரும் நெல்லைக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு.

எதை எழுதுவது என்பதற்குத் தாமிரபரணிக் கரையில் பஞ்சம் இல்லை. பத்தமடையை எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, பட்டுப்போல மடங்கும் பாயாக நெய்கிறார்கள்; பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள் கைவேலை. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதை வழிகாட்டி நூலிலிருந்து பார்த்து எழுதினால் ‘உலகப் புகழ்பெற்ற’ என்ற சொல்லோடு கட்டுரை முடிந்துவிடும். அதையே வங்காளத்தில் கூச்பிகார் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு எழுதினால் கதை மாறும். அங்கே சீதல்பாட்டி என்று ஒரு பாய் உண்டு; முர்த்தா என்ற செடியின் தண்டைச் சீவி முடைவது. வங்கதேசத்தின் சில்ஹெட் சீதல்பாட்டிக்கு 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. பாய் தெரிந்த ஊர்ப் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். கோரையை எத்தனை நாள் ஊறவைப்பீர்கள், சாயம் எப்படி ஏற்றுகிறீர்கள், ஒரு பாய் முடிக்க எவ்வளவு நாள், கூலி எவ்வளவு என்று கேட்பார்கள். பதில் எழுத வேண்டுமானால் நெல்லைப் பிள்ளை பத்தமடைக்குப் போய்த் தறியருகே உட்கார்ந்து, தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கேள்வி கேட்ட கணத்தில் அது தேர்வுக் கட்டுரையாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையும் அப்படித்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். அந்த இரவை வீட்டு மொட்டைமாடியில் கழித்த பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆண்டுதோறும் பிரம்மபுத்திராவின் வெள்ளத்தைப் பார்க்கும் அசாம் பிள்ளைக்குக் கேட்க நிறைய இருக்கிறது. கேட்டால் எழுத்து தானே நீளும்.

வெளியூர் வாசகரால் இங்கே இன்னொரு நன்மையும் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நெல்லை மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024இல் அறிக்கை தந்தது. கயிறுகளுக்குத் தடை என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இத்தகைய வகுப்பில், எழுதியதைத் தோழர் முன் வாசிப்பது எல்லோருக்கும் ஒரே அளவு எளிதாக இருக்காது. எந்தத் தெரு, யார் மகன் என்று அறிந்த காதுகளுக்கு முன்னால் வாய் அடைத்துப்போகும். கூச்பிகார் வாசகருக்கு அந்தத் தெரு தெரியாது. எழுத்தை மட்டும் பார்ப்பார். அந்தக் காரணத்துக்காகவே, வகுப்புத் தோழரின் கருத்தைப் பொதுவில் பதியவைக்கும் முன் ஆசிரியர் இருமுறை யோசிக்க வேண்டும். தொலைவு வாசகரைச் சேர்ப்பதில் தயங்க வேண்டியதில்லை.

சிவப்பு மையின் கணக்கு

நடைமுறையில் ஆசிரியர் முதலில் சொல்லும் மறுப்பு, நேரம். அறுபது பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்றால் 600 நிமிடம். முழுதாகப் பத்து மணி நேரம். ஐந்து வகுப்பு எடுப்பவருக்கு இது ஆகிற காரியமா?

எல்லாப் பிழையையும் திருத்துவதுதான் கடமை என்று வைத்துக்கொண்டால் ஆகாது. 1996இல் ஜான் டிரஸ்காட், இலக்கணத் திருத்தத்தால் எழுத்து மேம்படுவதற்குச் சான்று இல்லை, கைவிட்டுவிடுங்கள் என்றே எழுதினார். டானா ஃபெரிஸ் 1999இல் மறுத்தார்: தேர்ந்தெடுத்து, தெளிவாகச் செய்யும் திருத்தம் உதவும் என்றார். விவாதம் இன்னும் ஓயவில்லை. வகுப்பாசிரியர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒரு நடுவழி. ஐந்து பேருக்கு ஒரு குழு. அறுபது பேருக்குப் பன்னிரண்டு கட்டுரை. முதல் வரைவில் பொருளைப் பற்றி மட்டும் கேள்வி. இரண்டாம் வரைவில் ஒரே ஒரு வகைப் பிழை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. பெயருக்கு முன் வரும் ‘ஏ’, ‘தி’ போன்ற ஆங்கிலச் சுட்டிடைச் சொல் தமிழில் இல்லை. பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. தமிழ்ப் பிள்ளைகளின் பிழைகளில் பல இந்த மூன்று இடங்களில் பிறக்கின்றன. மாதத்துக்கு ஒன்றாக எடுத்துத் திருத்தினால் ஓராண்டில் மூன்றையும் பலமுறை சுற்றிவரலாம். கடைசி வரைவு போகும் நாளில் எழுத்துப் பிழையைக் குழுவே பார்க்கும். வெளியூருக்குப் போகிறதே என்ற கூச்சம் அதைச் செய்யவைக்கும்.

இரண்டாவது மறுப்பு, இயந்திரம். 2022 இறுதிக்குப் பிறகு எந்தத் தலைப்புக்கும் ஆங்கிலக் கட்டுரையை அலைபேசி எழுதித் தந்துவிடுகிறது. பெறுநர் இல்லாத கடிதத்தை எழுத மனிதர் தேவையில்லை என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. ஆனால் உன் அத்தை அந்த வெள்ள இரவில் எங்கே இருந்தார் என்று அசாம் பிள்ளை கேட்டால் இயந்திரத்திடம் பதில் இல்லை. மொழியைச் சீராக்க இயந்திரம் உதவட்டும். சங்கதி பிள்ளையிடமிருந்துதான் வர முடியும்.

மூன்றாவது மறுப்பு, பாதுகாப்பு. இது முழுக்க நியாயம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்று வரையறுத்து, அவர் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. முகம், முழுப்பெயர், ஊர் மூன்றையும் சேர்த்து இணையத்தில் ஏற்றத் தேவையே இல்லை. பெண்பிள்ளைகளின் பெயரும் படமும் பொதுவில் வருவதை வீடுகள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு பள்ளிகளுக்குள் மட்டும் திறக்கும் பக்கமோ, அஞ்சலில் போகும் கையெழுத்துப் பத்திரிகையோ அதே வேலையைச் செய்யும்.

செய்யக்கூடியது

அரசு இதற்குப் பாதி வழி வந்திருக்கிறது. 2022 முதல் பள்ளிக் கல்வித்துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று மாணவர் இதழ்களை வெளியிட்டு வருகிறது. தமிழில் பிள்ளைகளின் எழுத்து அச்சேறி, பிற பிள்ளைகளால் படிக்கப்பட முடியும் என்பதற்கு அவை சான்று. ஆங்கிலத்துக்கும் அத்தகைய வழி வேண்டும். ஆனால் அதன் வாசகர் மாநிலத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

கல்லூரியில் இது இன்னும் எளிது. ஆங்கிலத் தாளுக்கு அக மதிப்பீடு 25 மதிப்பெண் என்றால், அதில் ஐந்தை, தமிழ் தெரியாத வெளிவாசகர் ஒருவருக்கு எழுதி, அவர் கேள்விக்குப் பதிலும் எழுதிய ஒரு கட்டுரைக்கு ஒதுக்கலாம். பாடத்திட்டத்தை மாற்ற வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். கேள்வி வந்ததா, அதற்குப் பிறகு எழுத்து மாறியதா என்பதை மட்டும் ஆசிரியர் பார்த்தால் போதும். முதல் வரைவையும் கடைசி வரைவையும் ஒரே கோப்பில் வைத்து மூன்று ஆண்டு சேர்த்தால், இந்த முறை நெல்லை மாணவரிடம் பலிக்கிறதா இல்லையா என்பதை வெளிநாட்டு ஆய்வுகளை நம்பியிருக்காமல் இங்கேயே அளந்துவிடலாம். பலிக்காவிட்டால் கைவிடலாம், இழப்பு ஐந்து மதிப்பெண்தான்.

பிரபு பிற்காலத்தில், எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை என்று எதுவும் இல்லை, தாம் செய்வது பலனளிக்கும் என்று ஆசிரியர் உணர்ந்து நம்புவதே முக்கியம் என்று எழுதினார். அந்த நம்பிக்கை சுற்றறிக்கையால் வராது. தம் மாணவர் எழுதியதற்கு வெளியூரிலிருந்து ஒரு கேள்வி வந்து, அதற்குப் பதில் எழுத வகுப்பு முட்டிமோதுவதைக் கண்ட ஆசிரியருக்குத்தான் வரும். ஜூனில் கல்லூரி திறக்கும் முன் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: தமிழ் தெரியாத ஓர் ஊரில், தம்மைப் போலவே மாணவருக்கு வாசகர் தேடிக்கொண்டிருக்கும் இன்னோர் ஆசிரியரைக் கண்டுபிடிப்பது.